ஸ்கூட்டரில் சத்தமா? பெல்ட், கிளட்ச், பிரேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மூன்று ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. மூன்றையும் நான்தான் பிரித்து மாட்டுகிறேன். தொழில்முறை மெக்கானிக் இல்லை. தெரிந்த ஒருவரின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். முதல் நாளே அவர் சொன்ன வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது: “சத்தம் எப்படி வருதுன்னு சொல்லாத தம்பி. எப்ப வருதுன்னு சொல்லு.” சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 110, 125 சி.சி. பெட்ரோல் ஸ்கூட்டர்களை மனதில் வைத்து எழுதியது.

கியரே இல்லாத வண்டியில் அந்த இடதுபக்கப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

இரண்டு கப்பி, ஒரு பெல்ட், ஒரு கிளட்ச். அவ்வளவுதான்.

முன்கப்பி இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். மெக்கானிக்குகள் வேரியேட்டர் என்பது இதைத்தான். இதற்குள் ஆறு ரோலர்கள் உண்டு. இன்ஜின் வேகமெடுக்கும்போது ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளியே தள்ளப்படுவதுபோல ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி, கப்பியின் ஒரு தட்டை நெருக்கித் தள்ளும். இடைவெளி குறுகியதும் பெல்ட் முன்கப்பியில் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது அல்லவா, அதனால் பின்கப்பியில் ஸ்பிரிங்கை விரித்துக்கொண்டு அது கீழே இறங்கும். முதல் கியரிலிருந்து நான்காவது கியர் வரை நாம் காலால் செய்த வேலையை இது படியே இல்லாமல் செய்துவிடுகிறது.

பின்கப்பியோடு சேர்ந்தே கிளட்ச் ஷூக்கள் சுற்றும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, அவை சுருங்கியே இருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் விரிந்து, சுற்றியிருக்கும் இரும்புக் கிண்ணத்தைக் கவ்வும். அந்தக் கிண்ணம் சிறிய பல்சக்கரப் பெட்டி வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும். 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தபோதும், 2001இல் ஆக்டிவா வந்தபோதும் இதே அமைப்புதான். இன்று ஷோரூமில் நிற்கும் வண்டிக்கும் அடிப்படை மாறவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஒவ்வொரு நிலையிலும் எந்தெந்தப் பாகம் சுற்றுகிறது, எது சும்மா நிற்கிறது என்று யோசித்தால் போதும்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். லேசான சரிவுள்ள அமைதியான தெரு இருந்தால், ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்து உருட்டலாம். இப்போதும் சத்தம் வந்தால் இன்ஜின், பெல்ட், வேரியேட்டர் மூன்றும் குற்றவாளிகள் இல்லை, ஏனென்றால் அவை சுற்றவே இல்லை. சுற்றுவது சக்கரங்கள், பிரேக் டிரம் அல்லது டிஸ்க், பின்பக்கப் பல்சக்கரப் பெட்டி, கிளட்ச் கிண்ணம் மட்டும்தான். பாதி வேலை முடிந்தது.

அடுத்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கேளுங்கள். இப்போது இன்ஜின், முன்கப்பி, பெல்ட், பின்கப்பி எல்லாம் சுற்றுகின்றன. பின்சக்கரம் நிற்கிறது, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது.

பிறகு ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகுங்கள். கிளட்ச் பிடிக்கும் அந்த நொடியில் மட்டும் சத்தம் வருகிறதா, பிடித்த பிறகு போய்விடுகிறதா, வேகத்தோடு கூடுகிறதா?

கடைசியாக ரோட்டில் ஓட்டி, பிரேக் பிடித்தும் விட்டும் பாருங்கள். பிரேக் லீவரைத் தொட்டதும் சத்தம் மாறினால் விடை கையிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும்போது பின்சக்கரத்தின் அருகே துப்பட்டா, முந்தானை, குழந்தை எதுவும் வேண்டாம். பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ரேஸ் கொடுக்கவும் வேண்டாம். நல்ல கிளட்ச்சும் அதில் கருகிவிடும்.

சிக்னலில் நிற்கும்போது ‘கட கட’ என்று கேட்கிறது. கிளம்பினால் காணாமல் போகிறது. ஏன்?

இதுதான் அதிகம் பேர் கேட்பது. இரண்டு காரணங்கள் ஒரே மாதிரி நடிக்கும்.

ஒன்று, வேரியேட்டருக்குள் ரோலர்களை மூடியிருக்கும் தட்டின் மூன்று முனைகளிலும் சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். பட்டறையில் ஸ்லைடர் என்பார்கள். இவை தேய்ந்து இடைவெளி விழுந்தால், ஐடிலில் இன்ஜின் துடிக்கும்போதெல்லாம் தட்டு ஆடித் தட்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் ரோலர்கள் தட்டை இறுக்கிவிடுவதால் சத்தம் நிற்கும். ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். ஸ்லைடர்கள் சிறிய செலவு, பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, பின்கப்பிக்குள் இருக்கும் பேரிங். வண்டி நிற்கும்போது பின்கப்பி சுற்றும், அதன் நடுவே இருக்கும் அச்சு சுற்றாது. அதனால் நடுவிலுள்ள பேரிங் உழைக்கிறது. ஓடத் தொடங்கி கிளட்ச் முழுதாகக் கவ்வியதும் கப்பியும் அச்சும் ஒன்றாகச் சுற்றுவதால் பேரிங்குக்கு வேலையே இல்லை, சத்தமும் இல்லை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஸ்லைடர் தட்டும்: ‘கட கட’. பேரிங் அரைக்கும்: ‘கர்ர்ர்’. ஸ்லைடர் சத்தம் பெட்டியின் முன்பாதியில், பேரிங் சத்தம் பின்சக்கரத்தருகே. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பெட்டி மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரிதான்.

கிளம்பும்போது வண்டி ‘தட தட’ என்று அதிர்கிறது. 20 கி.மீ. வேகம் தாண்டினால் சரியாகிவிடுகிறது.

கிளட்ச். பத்தில் ஒன்பது முறை அதுதான்.

ஷூக்கள் தேயும்போது உதிரும் தூள் கிண்ணத்துக்குள்ளேயே தங்கிவிடும். மறுபக்கம், நகர டிராஃபிக்கில் நகர்ந்து நகர்ந்து ஓட்டும்போது சூடேறி, ஷூவின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். அப்போது ஒரே சீராகக் கவ்வாமல் பிடித்து, வழுக்கி, பிடித்து வரும். அதுதான் அதிர்வு. இதே காரணம் சில வண்டிகளில் அதிர்வாக இல்லாமல் நாய்க்குட்டி முனகுவதுபோன்ற ‘கீய்ய்’ சத்தமாகவும் வரும்.

கிளட்ச்சைக் கழற்றி ஷூவின் முகத்தையும் கிண்ணத்தின் உட்புறத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாதது. கிண்ணத்தின் உள்ளே நீலம் பாரித்திருந்தால் அது மிகவும் சூடாகி இருக்கிறது. கையால் சுற்றிப்பார்க்கும்போது வட்டம் கோணியிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, மாற்ற வேண்டும்.

ஆனால் ஓட்டும் பழக்கம் மாறாவிட்டால் மூன்று மாதத்தில் அதிர்வு திரும்ப வரும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது, பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டராலேயே வண்டியைப் பின்னால் போகவிடாமல் நிறுத்திவைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்த நேரமெல்லாம் கிளட்ச் வழுக்கிக்கொண்டே நிற்கிறது. பிரேக்கைப் பிடியுங்கள், ஆக்ஸிலேட்டரை விடுங்கள்.

காலையில் முதல் ஐந்து நிமிடம் மட்டும் ‘கீச் கீச்’ என்கிறது.

இரவு ஈரத்தில் டிரம்மிலோ டிஸ்கிலோ மெல்லிய துரு படியும். நாலைந்து முறை பிரேக் பிடித்தால் அது போய்விடும். அதன்பிறகும் தொடராவிட்டால் விட்டுவிடுங்கள்.

வேகம் கூடக் கூட ‘ஊய்ய்ய்’ என்று ஊளையிடுகிறது.

ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு வண்டி தானாக ஓடும்போதும் சத்தம் வேகத்தோடேயே இருந்து, வேகத்தோடேயே இறங்கினால், அது சக்கர வேகத்தோடு கட்டுண்ட சத்தம். முதலில் டயரைப் பாருங்கள். ஒழுங்கற்றுத் தேய்ந்த டயர் பேரிங்போலவே ஊளையிடும். பலர் நல்ல பேரிங்கை மாற்றி ஏமாந்திருக்கிறார்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். அதைத் தாங்கும் ஃபோர்க்கில் இன்னொரு கையை வைத்தால் பேரிங் கெட்டிருக்கும்போது சொரசொரப்பு விரலில் தெரியும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. பின்சக்கரம் வேறு மாதிரி. அது நேராகப் பல்சக்கரப் பெட்டியின் அச்சில் மாட்டியிருக்கிறது, அதன் பேரிங்கும் அந்தப் பெட்டிக்குள்தான். அங்கே ஊளை என்றால் கியர் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம். ஆயிலை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் ஊளை நிற்கவில்லை என்றால் பெட்டியைத் திறக்க பேரிங் புல்லரும் பிரஸ்ஸும் உள்ள பட்டறைக்குப் போவதே நல்லது. வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

கியர் ஆயில் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? சர்வீஸ் பில்லில் பார்த்ததே இல்லையே.

இருக்கிறது. பில்லில் பார்க்காததற்குக் காரணம், நிறைய இடங்களில் மாற்றுவதே இல்லை. எங்கள் 2011 மாடலை வாங்கி ஆறு வருடம் ஒழுங்காகக் காசு கட்டி சர்வீசுக்கு விட்டோம். நான் முதல்முறை அந்த போல்ட்டைக் கழற்றியபோது டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக, டம்ளரில் பாதிகூட வரவில்லை. கம்பெனியிலிருந்து வந்த அதே ஆயில்!

கொள்ளளவு பெரும்பாலும் 100 மி.லி.யைச் சுற்றித்தான் இருக்கும். சில கம்பெனிகள் இன்ஜின் ஆயிலையே இதற்கும் சொல்கின்றன, சில தனி ஆயில் சொல்கின்றன. கையேட்டில் உள்ளதை ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றுவது நன்மை என்று நினைக்க வேண்டாம். அதிகமானால் சீல், அதாவது எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், வழியாகக் கசிந்து பிரேக் ஷூவில் போய் நிற்கும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். இவ்வளவு மலிவான பராமரிப்பு வண்டியில் வேறு இல்லை.

கிக்கர் பக்கத்திலிருந்து ‘கிரீச்’ என்று வருகிறது. செல்ஃப் ஸ்டார்ட்தான் போடுகிறேன், கிக்கரைத் தொடுவதே இல்லை.

தொடாததுதான் பிரச்சினை. கிக்கரின் பல்சக்கரம் பெட்டி மூடியின் உட்புறத்தில் இருக்கிறது. பயன்படுத்தாமல் தூசி அடைந்து கிரீஸ் காய்ந்தால் முழுதாகப் பின்வாங்காமல், சுற்றும் பாகத்தோடு உரசும். வண்டி ஐடிலில் இருக்கும்போது கிக்கரைக் காலால் மிக லேசாக, ஒரு விரல் அளவு தொட்டுப் பாருங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ அதுதான். மூடியைக் கழற்றித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் வைத்தால் முடிந்தது. பெல்ட் மேல் கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஸ் கொடுத்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி அதற்கேற்ப ஓடவில்லை.

எங்கோ வழுக்குகிறது. பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்திருக்கலாம், கிளட்ச் ஷூ தீர்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் கசிந்து பெல்ட்டில் பட்டிருக்கலாம். மூடியைத் திறந்ததும் உள்ளே ஈரமான கறுப்புப் பசை தெரிந்தால் அது கசிவு. முன்பாதியில் இருந்தால் கிராங்க் (இன்ஜினின் முக்கிய அச்சு) சீல், பின்பாதியில் இருந்தால் பல்சக்கரப் பெட்டி சீல். சீலை மாற்றாமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் ஒரு வாரத்தில் அதே கதி. கசிவு இல்லாத நல்ல வண்டியின் பெட்டிக்குள் உலர்ந்த கறுப்புத்தூள் மட்டும்தான் இருக்கும்.

பிக்கப் மட்டும் மந்தமாகி, இன்ஜினும் இரையாமல் இருந்தால் ரோலரைப் பாருங்கள். தட்டையான ரோலர் உருளாது, சிக்கி நிற்கும். மாற்றும்போது ஆறையும் ஒன்றாக, அதே எடையில் மாற்ற வேண்டும். எடை குறைந்த ரோலர் போட்டால் ‘ராக்கெட் பிக்கப்’ என்று கடைக்காரர் சொல்வார். பிக்கப் கூடுவது உண்மைதான். கூடவே இன்ஜின் எப்போதும் உச்சத்தில் கத்தும், மைலேஜ் இறங்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பெல்ட்டை எப்போது மாற்றுவது? அறுந்தால்தானே தெரியும்?

அறுந்தால் நிச்சயம் தெரியும். இரவு பத்து மணிக்கு, பஸ்ஸே இல்லாத பைபாஸில் தெரியும். இன்ஜின் ஓடும், வண்டி நகராது, தள்ளுவதைத் தவிர வழியில்லை. அறுந்த நூல்கள் கிளட்ச்சைச் சுற்றிக்கொண்டால் அதையும் சேர்த்துக் கெடுக்கும்.

110, 125 சி.சி. வண்டிகளில் பொதுவாக 20,000 முதல் 25,000 கி.மீ. வரை பெல்ட்டின் ஆயுள். அதற்குள் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். பெல்ட்டை வெளிப்பக்கமாக வளைத்தால் பற்களின் இடுக்கில் வெடிப்பு தெரிகிறதா, ஓரத்தில் நூல் பிரிகிறதா, அகலம் கையேட்டில் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிய கி.மீ. குறைவு, ஆனால் வண்டிக்கு வயது எட்டு என்றால், ரப்பருக்கு வயதும் கணக்கு.

பெல்ட்டை நானே மாற்றலாமா?

கைப்பழக்கம் இருந்தால் மாற்றலாம். ஆனால் ஒரே ஒரு இடத்தில் தவறினால் பெல்ட் விலையைப்போல் பத்து மடங்கு செலவு வரும், அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

புதுப் பெல்ட் விறைப்பாக இருக்கும். முன்கப்பியில் மாட்டும்போது அது மேலேறி, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் நட்டை முறுக்கினால் நன்றாக இறுகிவிட்டதாகக் கை சொல்லும். உண்மையில் தட்டு பெல்ட்டை அழுத்திக்கொண்டு நிற்கிறது, அச்சின் பற்களில் முழுதாக உட்காரவில்லை. வண்டி ஓடியதும் பெல்ட் இறங்கும், நட்டு தளரும், தட்டு ஆடி ஆடி கிராங்க் அச்சின் பற்களையே மழித்துவிடும். அப்புறம் இன்ஜினைப் பிரித்து கிராங்க்கையே மாற்ற வேண்டும்.

தப்பிக்க வழி எளிது. முதலில் பின்கப்பியின் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் நடுப்பள்ளத்துக்குள் நன்றாக இறக்குங்கள். முன்பக்கம் தாராளமாகத் தளர்வு கிடைக்கும். பெல்ட் முன்கப்பியில் தொளதொளவென்று இருக்கும்போதே தட்டை மாட்டி, பற்கள் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து, நட்டை டார்க் ரென்ச்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டின் அளவுக்கு முறுக்குங்கள். கடைசியாகப் பின்கப்பியைக் கையால் பல சுற்றுச் சுற்றி, இன்ஜினை ஐடிலில் விட்டால் பெல்ட் தன் இடத்துக்கு வந்துவிடும்.

பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையில் மாட்டுங்கள். எண்ணெய்க் கையால் பெல்ட்டைத் தொடாதீர்கள். ரோலருக்கு கிரீஸ் வைப்பதா என்று கேட்பீர்கள்: சில மாடல்களுக்குக் கையேடே கிரீஸ் சொல்கிறது, அதற்கென்று அளவும் உண்டு. சொல்லாத மாடலில் வைத்தால் தூசியோடு சேர்ந்து பசையாகி ரோலரை ஒட்டவைக்கும்.

மழைவெள்ளத்தில் ஓட்டினேன். இப்போது வண்டி வழுக்குகிறது.

பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. பெட்டியின் அடியில் சில மாடல்களில் சிறிய வடிகுழாய் இருக்கும், அதன் மூடியைத் திறந்துவிடுங்கள். பெட்டியின் பெரிய மூடியையே கழற்றி உலரவைப்பது இன்னும் நல்லது. சுத்தமான தண்ணீர் என்றால் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் மண்ணைக் கழுவித் துடைக்காமல் ஓட்டக்கூடாது.

கூடவே கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். சூடான பல்சக்கரப் பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தால் உடனே மாற்றுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் முழுக்க மூழ்கிய வண்டிகள் ஏராளம். வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாமல் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாவற்றையும் பார்த்த பிறகே சாவியைத் திருகுவதுதான் அப்படி மூழ்கிய வண்டிக்கு ஒரே வழி.

பிரேக் ஷூ தேய்ந்துவிட்டதா என்று சக்கரத்தைக் கழற்றாமல் தெரியுமா?

டிரம் பிரேக்கில் தெரியும். பிரேக் கேபிள் வந்து சேரும் கை ஒன்று டிரம்முக்கு வெளியே இருக்கிறதே, அதன் அடியில் சிறிய அம்புக்குறி இருக்கும். லீவரை முழுக்கப் பிடித்தால் அம்பு நகரும். அது டிரம் தட்டில் உள்ள குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது.

இங்கே ஒரு தில்லுமுல்லு நடக்கும். அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் லீவர் மறுபடி இறுகிவிடும், ‘பிரேக் டைட் பண்ணிட்டேன்’ என்று காசு வாங்கிவிடலாம். ஷூ தேய்ந்தது தேய்ந்ததுதான். இப்படி மாட்டிய வண்டியில் ஷூவை விரிக்கும் கேம் அளவுக்குமீறித் திரும்பி, பிரேக் பிடித்தபடியே சிக்கிக்கொள்ளவும் கூடும். சர்வீஸ் முடிந்து வந்ததும் அந்தக் கையின் கோணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும். சிலர் தொட்டதும் பிடிக்கட்டும் என்று நட்டை இறுக்கிவிடுவார்கள். ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடாகும், மைலேஜ் போகும். சரிசெய்த பிறகு ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

பிரேக் பிடித்தால் ‘கீச்’ என்கிறது. துளி எண்ணெய் விட்டால் நிற்குமா?

சத்தம் நிற்கும். வண்டி நிற்காது.

ஷூவிலோ பேடிலோ டிஸ்கிலோ எந்த எண்ணெயும், துரு நீக்கும் ஸ்பிரேயும் படவே கூடாது. எண்ணெய் குடித்த ஷூவை உப்புத்தாளால் தேய்த்தாலும் மீட்க முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். கீச்சுக்குக் காரணம் உள்ளே சேர்ந்த தூசியும் வழவழப்பான மேற்பரப்பும். கழற்றித் துடைத்து, முகத்தை லேசாக உரசி, கேம் அச்சில் மட்டும் பொட்டு அளவு கிரீஸ் வைத்து மாட்டுங்கள். ‘கீச்’ மாறி, இரும்பை அரைக்கும் ‘கறகற’ வந்துவிட்டால் லைனிங் தீர்ந்து உலோகம் உரசுகிறது. அன்றைக்கே கடைக்குப் போங்கள்.

புது ஷூ போட்டும் பின்பிரேக் பிடிக்கவில்லை.

புது ஷூ டிரம்மோடு படிய 100, 200 கி.மீ. ஆகும், அதுவரை நிதானமாக ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் இப்படியே என்றால், சக்கரத்தைக் கழற்றி அச்சைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். பின் டிரம்முக்கு ஒட்டியபடியே பல்சக்கரப் பெட்டி இருப்பதால், அச்சின் ஆயில் சீல் போனால் ஆயில் நேராக ஷூவில்தான் இறங்கும். சீலையும் ஷூவையும் சேர்த்து மாற்றாமல் இது தீராது.

இடது லீவரைப் பிடித்தால் முன்பிரேக்கும் பிடிக்கிறது. கோளாறா?

இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் இந்தியாவில் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளுக்கு சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) கட்டாயமானது. பின்பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிப்பதுதான் சி.பி.எஸ். பராமரிப்பில் கவனிக்க வேண்டியது, இரண்டையும் இணைக்கும் கேபிளும் அதன் நெம்புகோலும் காய்ந்து இறுகாமல் பார்ப்பது. இடது லீவர் விட்ட பிறகும் சோம்பலாகத் திரும்பினால், முன்பிரேக் உரசிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இடது லீவர்மீது எப்போதும் இரண்டு விரலை வைத்தே ஓட்டுகிறவர்களுக்கு இப்போது இரண்டு பக்க ஷூவும் சேர்ந்து தேயும்.

டிஸ்க் பிரேக் வண்டிக்கு என்ன வேறுபாடு?

பேடின் நடுவிலுள்ள பள்ளம் மறைந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, எது என்று டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது.

பேடைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். புதுப் பேடு மாட்டியதும் கிளம்பாதீர்கள். லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அடித்துப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். முதல் பிடியில் லீவர் சும்மா உள்ளே போகும். அது தெருமுனையில் தெரியக்கூடாது.

ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இடங்களுக்கு ஸ்கூட்டரில் போகலாமா?

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கியர் வண்டிபோல் இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினால் பிடித்து இறங்கும் வசதி இதில் இல்லை. கிளட்ச் கவ்வியிருக்கும்வரை கொஞ்சம் இன்ஜின் இழுவை உண்டு, வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். டிரம் சூடானால் பிடி தளரும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி பிடித்து இறங்குங்கள். ஒரே பிடியாகத் தொடர்ந்து உரசவிடாதீர்கள். லீவர் பஞ்சுபோல் ஆனாலோ கருகல் வாசனை வந்தாலோ ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் டீ குடியுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்டில் ஸ்டார்ட் செய்தால் பின்சக்கரம் தானாகச் சுற்றுகிறது.

மெதுவாகச் சுற்றி, பிரேக்கைத் தொட்டதும் நின்றால் சாதாரணம். வேகமாகச் சுற்றி, பிரேக் பிடித்தாலும் முண்டினால் ஐடில் வேகம் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இந்த நிலையில் ஸ்டாண்டை எடுத்தால் வண்டி குதிக்கும். சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு இதெல்லாம் உண்டா?

வேரியேட்டர், ரோலர், கிளட்ச் எதுவும் இல்லை. பிரேக் பகுதி அப்படியே பொருந்தும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொடுக்கும் வண்டிகளில் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாததால் பேடு தேய்வதைவிட, துருப்பிடித்துச் சிக்குவதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தாச்சு, மாற்றியாச்சு. சத்தம் மட்டும் போகவில்லை.

என் சித்தியின் வண்டியில் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். குழி, வேகத்தடை வந்தால் அதிகம், நல்ல ரோட்டில் குறைவு. பட்டறையில் ஃபோர்க் புஷ் என்றார்கள், மாற்றினார். பிறகு கோன் செட், அதையும் மாற்றினார். இரண்டாயிரத்துக்குமேல் செலவழித்துவிட்டு, “உனக்குத்தான் பெரிய காது ஆச்சே, வந்து கேளுடா” என்று என்னைக் கூப்பிட்டார். நான் வண்டியைத் தள்ளினேன், சத்தம் இல்லை. ஸ்டாண்டில் போட்டு ரேஸ் கொடுத்தேன், இல்லை. ரோட்டில் நானே ஓட்டினேன், அப்போதும் இல்லை. சித்தி ஓட்டினால் மட்டும் வருகிறது.

என்னிடம் அவர் கொடுத்தது வண்டியின் சாவி மட்டும். அவர் ஓட்டும்போது அதோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் சாவி, பித்தளையில் ஒரு வேல் எல்லாம் சேர்ந்து ஒரு கொத்தாகத் தொங்கி, முன்பக்க பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.